அந்த ஐந்து விரலைப் பேச்சாளருக்குக் காட்டுங்கள்

பெங்களூர் சபாக்களின் செயலாளர்களுக்கும் கச்சேரி நடத்துகிற மற்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

நான் அல்சூரில் இருக்கிறேன். உங்கள் கச்சேரிகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறேன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் மூன்று வரிசையில் எப்போதும் ரிப்பன் கட்டி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதற்குப் பின்னால் நடைபாதை ஓரமாக உட்காருகிறவன். டிக்கெட் வாங்கிக் கேட்ட கச்சேரிகளைவிட இலவசமாகக் கேட்டதுதான் அதிகம். கூட்டிப் பார்த்தால், இத்தனை வருடத்தில் என் பணம் உங்களைவிட உங்கள் கேண்டீன்காரருக்குத்தான் நிறையப் போயிருக்கும். அதனால் குறை சொல்ல எனக்கு இருக்கும் உரிமை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை இந்த மடலில் செலவழித்துவிடுகிறேன்.

போன மாதம் என் நண்பன் திருவையாற்றிலிருந்து வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டான். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம். வாத்தியம் பரணுக்குப் போய்விட்டது, காது மட்டும் போகவில்லை. வெள்ளி ராத்திரி தஞ்சாவூரில் ரயிலேறி சனிக்கிழமை காலை வந்து இறங்கினான். ஞாயிறு ராத்திரி திரும்பியாக வேண்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூடம். "ஊரை எப்படி வேணா சுத்திக் காட்டுடா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும் ஒரு நல்ல கச்சேரி. தனி கேக்கணும்" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டான். தனி என்றால் தனி ஆவர்த்தனம்: பாட்டை நிறுத்திவிட்டுத் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி.

எல்லோரும் போல லால்பாகில்தான் ஆரம்பித்தோம். 1889-ல் அடிக்கல் நாட்டிக் கட்டிய கண்ணாடி மாளிகையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்தோம். அந்தப் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு என்றேன். அவன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "நாதம் இல்ல" என்றான். அங்கிருந்து காந்தி பஜார். வித்யார்த்தி பவனில் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். 1943-லிருந்து இருக்கும் ஹோட்டல், சனிக்கிழமை காலையில் கேட்க வேண்டுமா? உள்ளே பரிமாறுகிறவர் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார். நான் தோசையைப் பார்த்தேன், இவன் தட்டுகளை எண்ணினான். "பதினாறு. ரெண்டு களை ஆதி தாளம்டா! எட்டு எண்ணிக்கையும் ரெட்டை ரெட்டையா!" அப்புறம் ஒரு பை டூ காபி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக வாங்கிக் குடிப்பதற்கு ஓர் ஊரே பெயர் வைத்திருக்கிறது என்பதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் சௌடய்யா நினைவு மண்டபத்தை வெளியிலிருந்து காட்டினேன். வயலின் உருவத்திலேயே கட்டிய கட்டடம். பிருடைகள், தந்திகள் எல்லாம் உண்டு. ஏழு தந்தி வயலினைக் கொண்டுவந்த மைசூர் சௌடய்யாவின் நினைவாக 1980-ல் எழுந்தது. எதிர்ப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். "வயலினுக்கு வீடு கட்டிட்டாங்க. மிருதங்கத்துக்கு எப்போ?" நான் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்கவில்லை. தாள வாத்தியத்துக்கென்றே 1964-ல் ஒரு கல்லூரி தொடங்கிய ஊர் இது, 1981-லிருந்து பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சென்டர் என்று லயத்துக்கே தனி அமைப்பு இருக்கிற ஊர் இது, சும்மா பேசாதே என்றேன். "அப்ப நாளைக்கு தனி பிரமாதமா இருக்கும்" என்றான். அந்த வாக்கியத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

அவனுக்கு இந்த ஊர்மேல் ஏற்கெனவே ஒரு மரியாதை உண்டு. திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதிக்கு, நகைகளை விற்றுக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மா. தியாகராஜரைப் பார்த்தபடியே அவருடைய சமாதியும் அங்கே இருக்கிறது. "உங்களுக்கு பெங்களூர்னா ஐடி. எங்க ஊர்க்காரங்களுக்கு பெங்களூர்னா அந்த அம்மாதான்" என்பான்.

ஞாயிறு காலை கப்பன் பூங்காவில் நடை. அன்றைக்கு உள்ளே வண்டிகளை விடுவதில்லை என்பதால் பேண்ட் ஸ்டாண்ட் பக்கம் குழந்தைகள் சைக்கிளோடு ஆக்கிரமித்திருந்தார்கள். பிறகு எங்கள் அல்சூர்: சோமேஸ்வரர் கோயில், ஏரி, ஏரிக்கரையில் வள்ளுவர். 1991-ல் தயாராகி, மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை என்ற கதையைச் சொன்னேன். 18 வருடமா என்று வாயைப் பிளந்தான். சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பத்தரை பஸ்ஸுக்கான பையையும் கையோடு எடுத்துக்கொண்டு, கச்சேரிக்குக் கிளம்பினோம்.

தென் பெங்களூரில் ஓர் அரங்கம். எந்த அரங்கம், எந்த சபா என்று சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் மற்றவர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

அழைப்பிதழில் 5:30. திரை விலகியது 5:45. பரவாயில்லை, அதெல்லாம் தாமதமே இல்லை. வர்ணம், ஒரு கீர்த்தனை. மிருதங்கக்காரருடைய கை அப்போதே எங்களை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. 6:15-க்கு மைக்கைப் பிடித்து ஒருவர், "ஒரு ஐந்து நிமிட நிகழ்ச்சி" என்று அறிவித்தார். நாற்காலிகள் வந்தன. தலைவர், சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர், நன்கொடையாளரின் துணைவியார். சால்வை, மைசூர் தலைப்பாகை, ஏலக்காய் மாலை, பழத்தட்டு, நினைவுப் பரிசு, ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. சிறப்பு விருந்தினர், தனக்கு சங்கீதம் தெரியாது என்று ஆரம்பித்து அதை இருபது நிமிடம் விளக்கினார். "வள்ளுவரே பதினெட்டு வருஷம் பொறுத்துக்கிட்டாரு" என்று நண்பன் என் காதில் சொன்னான். சிரித்தேன். முதல் அரை மணி நேரம் சிரிக்க முடிந்தது.

இந்த நேரம் முழுவதும் வித்வான்கள் நாற்காலிகளுக்குப் பின்னால், போட்ட ஜமக்காளத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். உங்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் மிருதங்கக்காரரின் இடது கைப் பக்கம் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தின், நடுவில் அப்பியிருப்பார். அது ஈரமாக இருக்கும்வரைதான் அந்தக் கும்கி, அந்த அடிக் குரல். முக்கால் மணி நேரம் ஏசியில் சும்மா இருந்தால் காய்ந்து போகும். பேச்சு நடக்கும்போதே அவர் இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்துத் தடவினார். மூன்றாவது தடவை, காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பிசைய ஆரம்பித்தார். அதற்குள் வலது முகமான வலந்தலையில் சுருதியும் இறங்கிவிட்டது. 7 மணிக்கு நாற்காலிகள் போனபின், கல்லை எடுத்துத் தட்டித் தட்டிச் சேர்த்தார். எனக்கு இருபது வருடமாகக் கண்ணில் படாத இதையெல்லாம் நண்பன்தான் காட்டினான்.

அப்புறம் நடந்ததில் பாட்டு நன்றாகவே இருந்தது. காம்போதி, இரண்டு களை ஆதி, நிரவல், ஸ்வரம். தனி ஆரம்பிக்கும்போது 8:35. அரங்கத்தை 9 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. மிருதங்கம் முதல் சுற்று வாசித்து, கடம் வாங்கிக்கொண்டது. கடக்காரர் கையைப் பானைக் கழுத்துக்குக் கொண்டுபோகிற நேரம், மேடையின் பக்கவாட்டில் திரையை ஒட்டி ஒருவர் வந்து நின்றார். கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

மிருதங்கக்காரர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடக்காரரைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இரண்டு பேரும் மாறி மாறி வாசிக்கிற குறைப்பு அதோடு பறிபோயிற்று. நேராகத் தனியை முடித்துவைக்கும் மோரா, கோர்வை, முடிந்தது. பாடகர் பல்லவி வரியை எடுத்துக்கொண்டார், துக்கடா ஒன்று, மங்களம். 8:55-க்கு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

குறைப்பு போனால் என்ன என்று கேட்பவர்கள் உங்களிலும் இருக்கலாம். இரண்டு மணி நேரமாக இன்னொருவர் பாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களே நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்த இடத்தில்தான். நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, நீ, அதற்குப் பதில் நாலு ஆவர்த்தனம் நான். பிறகு இரண்டு, ஒன்று, அரை, கால் என்று சுருங்கிச் சுருங்கி, கடைசியில் யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று பிரிக்க முடியாமல் இரண்டு பேரும் சேர்ந்து மோராவில் வந்து விழுவார்கள். குறைப்பே இல்லாமல் வரும் கோர்வை, பந்தி போடாமல் கொடுத்த தாம்பூலம். கடக்காரர் அன்றைக்கு மொத்தம் ஒரு சுற்று வாசித்திருப்பார். அதற்காக அந்தக் கனமான மானாமதுரைப் பானையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அதில் முக்கால் மணி நேரம் ஏலக்காய் மாலைகளின் முதுகைப் பார்த்தபடி.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகை, மைக், வித்வான்களின் சன்மானம், வெளியூர்க்காரர்களுக்கு அறை, எல்லாவற்றையும் இலவச அனுமதியில் நடத்த வேண்டும் என்றால் யாராவது காசோலையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டவருக்கு ஒரு சால்வை போர்த்தத்தான் வேண்டும். மங்களத்துக்குப் பிறகு வைத்தால் ஆள் இருக்காது, முதலிலேயே வைத்தால் ஆள் வந்திருக்காது, அதனால்தான் நடுவில் வைக்கிறீர்கள். சரி. ஆனால் அந்தச் சால்வையின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பாடகர் ஒரு கீர்த்தனையைக் குறைத்துக்கொள்கிறார், ராகத்தில் கைவைப்பதில்லை. வயலினும் தப்பித்துவிடுகிறது. கடைசியில் நிற்பது தனி. அதனால் பறிபோவது எப்போதும் அதுதான்.

ரசிகர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தனி ஆரம்பித்தால் பாதி அரங்கம் எழுந்து போகும். நானும் அந்தச் சமயம் பார்த்துப் போண்டா சாப்பிடப் போனவன்தான், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கேட்க ஆளில்லாததை எதற்கு நீட்டுவது என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பில் என் பங்கும் உண்டு.

சரி, மிச்சக் கதை. பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் மஞ்சள் தட மெட்ரோவைப் பிடித்து, சில்க் போர்டில் இறங்கி, ஆட்டோவில் மடிவாளா போய்ச் சேர்ந்தபோது மணி 9:50. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து பெங்களூர் வரும் பஸ்களில்தான் அடிதடி. இவன் போவது எதிர்த் திசை, பஸ்ஸில் பாதி இருக்கை காலி. பத்தரைக்குத்தான் எடுப்பார்கள். ஆக, எங்கள் கையில் 40 நிமிடம் இருந்தது. ஒரு மூடிய கடைப் படிக்கட்டில், ஓசூர் ரோட்டுப் புகையில், அந்த 40 நிமிடமும் உட்கார்ந்திருந்தோம். நண்பன் பையை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, குறைப்பு எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு வாசித்துக் காட்டினான். என்னைத் தாளம் போடச் சொன்னான். நான் இரண்டு இடத்தில் விட்டேன். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர், விடாமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அழைப்பிதழில் இரண்டு நேரம் போடுங்கள்: விழா இத்தனை மணிக்கு, கச்சேரி இத்தனை மணிக்கு. விழாவுக்கென்று வருகிறவர்கள் அதற்கு வரட்டும், நன்கொடையாளரின் சொந்தக்காரர்களே இரண்டு வரிசை நிரம்புவார்கள். நடுவில்தான் வைத்தாக வேண்டும் என்றால், வித்வான்களை உள்ளே போய் ஒரு காபி குடிக்க விடுங்கள், முதுகுக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். தனிக்கு 15 நிமிடம் என்று ஏற்பாடு செய்யும்போதே பேசி முடிவு பண்ணிவிடுங்கள், அதில் கைவைப்பதில்லை என்று. அந்த ஐந்து விரல் நல்ல கருவி, அதை விட்டுவிட வேண்டாம். 6:20-க்கு, மைக் பிடித்திருப்பவருக்கு நேராக நின்று காட்டுங்கள். சிறப்பு விருந்தினருக்குக் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றால், மிருதங்கக்காரரிடம் அந்தக் கூச்சம் எங்கே போயிற்று என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

1905-ல் தொடங்கிய காயன சமாஜம் இருக்கிற ஊர், 1939-லிருந்து சாமராஜப்பேட்டையில் ராம நவமி சங்கீதம் நடக்கிற ஊர். உங்களுக்கு இதை ஏற்பாடு செய்யத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

ராம நவமிக் கச்சேரிகளுக்கு நண்பன் மறுபடி வருகிறேன் என்கிறான். உங்கள் அழைப்பிதழ்கள் வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். எதில் இரண்டு நேரம் போட்டிருக்கிறதோ, அந்தக் கச்சேரிக்குத்தான் திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பானாம்.

இப்படிக்கு,
நான்காவது வரிசை, நடைபாதை ஓரம்,
அல்சூர், பெங்களூர்