பிளாக்கையும் கேட்டு வாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பெரியம்மாவும் நலம். அங்கே உன் நலத்தையும் மாப்பிள்ளை, குழந்தை நலத்தையும் அறிய ஆவல். இந்த வருஷம் ஜூன் 12-லேயே மேட்டூரைத் திறந்துவிட்டதால் குருவை நடவு முடிந்து, அப்பா சம்பா நாற்றங்காலே கதி என்று கிடக்கிறார். பதினெட்டாம் பெருக்குக்கு நீ வரவில்லை என்று பெரியம்மாவுக்கு வருத்தம். காதோலை கருகமணி உன் பங்குக்கும் வாங்கி, அவளே குடமுருட்டியில் விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பேசும்போது, "கட்டியை எடுத்தாச்சு அத்தை, ஸ்லைடை மட்டும் இன்னொரு இடத்துக்கு அனுப்பியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று குழந்தை பேச்சுக்குப் போய்விட்டார். நீயோ போனை எடுப்பதில்லை. "நல்லா இருக்கேன்மா" என்று ஒரு வரி மெசேஜ். தஞ்சாவூரில் பயாப்ஸி லேபிலேயே ரிட்டயர் ஆனவளுக்கு அந்த ஒரு வரி போதுமா? சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், படித்துக்கொள்.

ஸ்லைடு வெளியே போனாலே கெட்டது என்று நினைக்காதே. கர்ப்பப்பையில் வருகிற கட்டி பெரும்பாலும் சாதாரண ஃபைப்ராய்டுதான், தசையில் வளரும் சாதுவான கட்டி. அறுத்தால் வெள்ளையாக, கெட்டியாக, சுழி சுழியாக இருக்கும். எப்போதாவது ஒன்று மெத்தென்று, மீன் சதை மாதிரி, நடுவில் மஞ்சளும் ரத்தமுமாக வரும். அன்றைக்கு எங்கள் டாக்டரம்மா பேசவே மாட்டார். "இன்னும் நாலு இடத்தில் எடுத்துப் போடும்மா" என்பார். சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது வேண்டும். நான் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்கிற சீவும் மெஷினின் பிடியைச் சுற்றி, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுவேன். சீவியது ரிப்பன் மாதிரி வெந்நீரில் மிதக்கும். மடிப்பு விழாமல் கண்ணாடியில் ஏந்த வேண்டும், அதுதான் ஸ்லைடு. ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ ஒருநாள் ஏந்தினாயே, ஒரு சுருக்கம் இல்லை. டாக்டரம்மா உன் கையைப் பிடித்துப் பார்த்தார். அதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மைக்ரோஸ்கோப்பில் மூன்று பார்ப்பார்கள். செல் உருவம் கெட்டிருக்கிறதா, பெரிய பவரில் பத்து ஃபீல்டில் எத்தனை செல் பிரிகிறது, இடையில் திசு செத்துக் கிடக்கிறதா. பிரிவது கூடுதலாக இருப்பது மட்டும் போதாது. அப்படியும் சாதுவான கட்டிகள் உண்டு. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாமல் இரண்டுங்கெட்டானாக நின்றால் 'ஸ்டம்ப்' என்று எழுதுவார்கள். தசையில் இல்லாமல் உள்சவ்வைத் தாங்குகிற ஸ்ட்ரோமா திசுவில் கிளம்புவது வேறு. பெகோமா என்று ஒன்று இதே சாயலில் ஏமாற்றும். ஏ.எல்.கே. சாயம் பிடிக்கிற கட்டி ஒன்று உண்டு, அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. பெயர் மாறினால் வைத்தியமே மாறிப்போகும். அதனால்தான் டெஸ்மின், சிடி10, எச்எம்பி45 என்று சாயம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். தீராவிட்டால் ஜீன் டெஸ்ட். நாள் ஆகத்தான் செய்யும். ஆகட்டும். அவசரத்தில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தால்தான் எனக்குப் பயம்.

லேப்ராஸ்கோப்பி என்றாரே, பையில் போட்டு எடுத்தார்களா, உள்ளேயே துண்டு துண்டாக்கி எடுத்தார்களா? உள்ளே துண்டாக்கினால், மறைந்திருக்கிற கெட்டது வயிற்றுக்குள் பரவிவிடலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் 350 பேருக்கு ஒருவரிடம் அப்படிக் கெட்ட கட்டி மறைந்து இருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு அதிகம் என்று சொன்னவர்களும் உண்டு. இருந்தாலும் ஆபரேஷன் நோட்டை வாங்கிப் பார்.

அப்புறம், கட்டித் துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கு. ஸ்லைடு மட்டும் போதாது. பிளாக் இருந்தால்தான் புதிதாகச் சீவிச் சாயம் போட முடியும். அடையாறோ, மும்பை டாடா மெமோரியலோ, எங்கே காட்டினாலும் பிளாக் எங்கே என்பார்கள். பிளாக் நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒன்றா என்று நீயே பார். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதே, மெழுகு இளகிவிடும்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம். காய்ச்சல் வந்தால்கூட வாயைத் திறக்க மாட்டாய். கெட்டிக்காரிதான், எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்துவிடுவாய், தெரியும். ஆனால் அப்பாயியும் அப்படித்தான் சொல்லாமல் இருந்தாள். அது எங்கே போய் முடிந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பயாப்ஸி என்று காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிறார். காலையில் எட்டு மணிக்கு வயலுக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வருவார், அந்த நேரத்தில் கூப்பிடு. பேச வரவில்லையென்றால் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நான் படித்துக்கொள்கிறேன். பிளாக்கை மறக்காதே. பணத்துக்கு குருவை அறுப்பு வரை காத்திருக்க வேண்டாம், என் வளையல் இருக்கிறது. நீ வா என்றால் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையிலிருந்து புனே ரயிலைப் பிடித்துவிடுவேன். பெரியம்மா வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
அம்மா