சிறுவர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்பேடும் மேசைமேல் இருக்கின்றன, புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள் எப்படித் திட்டமிடப்பட்டன, எவை மாற்றப்பட்டன என்பதை இந்த அறிக்கை சொல்கிறது. பொறுப்பு மாறினாலும் அடுத்து வருகிறவர்களுக்குக் கைகொடுக்கட்டும் என்று அளவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

நம் மன்றத்தில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளே அதிகம். இந்த வயதில் தள்ளுமுள்ளு, அழுகை, ‘தண்ணி குடிச்சிட்டு வர்றேன்’ என்று நழுவுவது எல்லாம் வரிசையில் நிற்கும்போதுதான் ஆரம்பிக்கின்றன. எனவே எந்த விளையாட்டைச் சேர்ப்பதானாலும் செயற்குழு முதலில் கேட்பது, ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டிவரும் என்பதையே. ஓட்ட விளையாட்டுக்கு ஒரு வரிசையில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கொரு சாக்கு கிடைக்காவிட்டால் சாக்கு ஓட்டம் வைக்காமலிருப்பதே மேல்.

இசை நாற்காலியில் முதலில் தோற்கிற பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பெரும்பாலும் அது கூட்டத்திலேயே சின்னப் பிள்ளை. ஆகவே பாட்டு நிற்கும்போது நாற்காலியை மட்டும் எடுக்கிறோம், பிள்ளைகளை எடுப்பதில்லை. கடைசியில் மிஞ்சும் இரண்டு நாற்காலியில் எல்லாரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கவிழும் என்பதால் இதற்குத் தரைப்பாய் போதும். அடுக்கிய சில்லைப் பந்தால் அடிக்கும் ஏழு கல் விளையாட்டில் ஏழு சில்லை அடுக்கச் சின்னக் கைகளுக்கு வராது. ஐந்து போதும், பந்தும் துணிப்பந்தாக இருக்கட்டும். எலுமிச்சை ஓட்டத்தில் கரண்டியை வாயில் கவ்வ விடுவதில்லை, கையில்தான் பிடிக்க வேண்டும். கரண்டியோடு விழுந்தால் தொண்டையில் குத்தும்.

பல்லாங்குழிக்கு ஆளுக்கொரு பலகை தேடி அலைய வேண்டியதில்லை. முப்பது குழியுள்ள முட்டை அட்டையில் நீளவாக்கில் இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பன்னிரண்டு குழியில் இரண்டு பலகை கிடைக்கும், ஒரு வரிசை மிச்சம். முறைப்படி பதினாலு குழி, ஐந்தைந்தாக எழுபது காய். சின்னவர்களுக்குப் பன்னிரண்டு குழியும் அறுபது காயும் தாராளம். முட்டை வைத்திருந்த அட்டையில் கிருமி இருக்கும் என்பதால் புது அட்டைதான் வாங்க வேண்டும். காய்க்குப் புளியங்கொட்டை அல்லது சோழி. வீட்டிலிருந்து குன்றிமணி கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோரை அழுத்திக் கேட்டுக்கொள்கிறோம். கறுப்புப் புள்ளியுள்ள அந்தச் சிவப்பு விதை நஞ்சு, கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளை இந்த விளையாட்டுப் பக்கம் விடக்கூடாது. எதுவும் மூக்குக்குள் போகும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முன் நடக்கும் களிமண் வேலைக்குத்தான் முன்னேற்பாடு அதிகம். பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன விளாச்சேரி நம் மதுரைக்குப் பக்கத்திலேயே இருப்பது வசதி. ஒரு பிள்ளைக்கு அரைக் கிலோ ஈரக் களிமண் போதும். முந்தின நாளே பிசைந்து ஈரச் சாக்கால் மூடிவைக்க வேண்டும். சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்த்தால் பதம் தெரியும். வெடித்தால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் தும்பிக்கை விழுந்துவிட்டது என்ற புகார் ஆண்டுதோறும் வரும். காய்ந்த பிறகு ஒட்டு விடாமலிருக்க, ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீரைத் தொட்டு ஒட்டினால் நிற்காது. உருவம் உள்ளங்கைக்குள் அடங்கட்டும். தடித்த உருண்டையில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால் வெடிக்கும். வெயிலில் வைத்தாலும் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் இதே கதை. நிழலில் மூன்று நாலு நாள் காயட்டும். கை கழுவ வாளிதான், வாஷ் பேசின் பக்கமே போகக்கூடாது. களிமண் குழாயை அடைத்துக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் கூட்டம் காலை 7 முதல் 8.30 வரை மட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் விடுமுறை. அதற்கு முந்தின வாரம் தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டு. அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் பெரியவர் ஒருவர் சூடான ஊசியால் மூன்று துளை போட்டுக் கொடுப்பார். துளை கூடினால் வேகம் குறைந்து பக்கத்திலேயே விழும். நுங்கு வண்டியும் அந்த மாதங்களில்தான். சக்கரத்துக்கு, நுங்கைக் குடைந்தெடுத்த இரண்டு வெறும் காய் (கூந்தல்), அவற்றைக் கோக்க ஒன்றரைச் சாண் குச்சி, தள்ளுவதற்குப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவைக்குச்சி. கூந்தலில் அச்சுக்குச்சி இறுக்கமாக நிற்க வேண்டும், கவைக்குள் தளர்வாகச் சுழல வேண்டும். இது மாறிப்போனால் வண்டி உருளாமல் இழுபடும். கூந்தல் அன்றைக்கு வெட்டியதாக இருக்கட்டும், காயக் காய ஓட்டை தளர்ந்து சக்கரம் கழன்றுவிடும்.

சோப்புக் குமிழுக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. முந்தின இரவே கலந்துவைத்தால் நல்லது. நம் பகுதி போர் தண்ணீரில் குமிழ் சரியாக வராது. உப்புத் தண்ணீர் சோப்பைக் கெடுக்கும், கேன் தண்ணீர்தான் வேண்டும். உச்சி வெயிலில் குமிழின் ஈரம் நொடியில் வற்றி உடைந்துவிடுவதால் மழைவிட்ட மாலையே பொருத்தம். ஸ்ட்ரா கொடுத்தால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். தென்னை ஈர்க்கை வளையமாகக் கட்டிக் கொடுக்கலாம். டைல்ஸ் தரையில் வழுக்கும், மண் தரையில் மட்டும்.

வெளியே அழைத்துப்போக, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே பயன்படும் என்பது செயற்குழுவின் கருத்து. மன்றத்துக்குள் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்றால், வெளியே நாலு பேருக்கு ஒருவர். தெப்பக்குளம் போன்ற நீர்நிலை அருகே பிள்ளையின் கையை விடக்கூடாது. அடையாள அட்டையின் உட்பக்கம் பெற்றோர் கைபேசி எண் இருக்கட்டும். வெளியே பெயர் எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும்.

தின்பண்டம் கடைசியில்தான். நடுவில் கொடுத்தால் மறுபடி ஓட முடியாது. முழு நிலக்கடலை சின்னவர்களின் தொண்டையை அடைக்கும், தட்டைப்பயறுச் சுண்டல் நன்றாக வெந்ததாக இருக்கட்டும். ஜிகர்தண்டா கேட்டுப் பிள்ளைகள் கொடுத்த மனு பரிசீலனையில் இருக்கிறது.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுபவை: ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு தார்ப்பாய், முதலுதவிப் பெட்டியில் தீர்ந்த பொருள்கள், களிமண்ணுக்கு முன்பணம். உதவிக்கு வரும் பெற்றோர் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிட வேண்டும். பிள்ளைகள் வந்து நின்றபிறகு பொருள்களை எடுத்துவைத்தால் அதுவும் வரிசையில் நிற்கவைப்பதுதான்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்