வன்னிச் சாட்சியில் நான் சொல்லாமல் விட்டது

அன்புள்ள தம்பி,

"ஜெபிக்கக் கண்ணை மூடினால் நித்திரைதான் வருகிறது. உள்ளுக்குள் ஒன்றுமில்லை. ஊருக்கு வந்துவிடவா அண்ணா?" என்று நீர் கேட்டு நாலு நாளாகிறது. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் வந்ததெல்லாம் மேடையில் சொல்லும் வசனங்கள். அவை உமக்கே மனப்பாடம்.

வாலிபர் கூட்டத்தில் நான் சொன்ன வன்னிச் சாட்சி ஞாபகம் இருக்கும். 1997இல் மலேரியாவில் விழுந்தேன், இரவு முழுக்க ஜெபித்தேன், விடியக் காய்ச்சல் விட்டது என்று சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அதைக் கேட்டுத்தான் ஊழியத்துக்கு வந்தேன் என்று நீர் பிறகு சொன்னீர். அன்றிலிருந்து எனக்குள் முள் குத்துகிறது. அது பாதி உண்மை.

பதினொரு நாள் கிடுகுக் கொட்டிலுக்குள் கிடந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து எலும்பை உலுப்பும். (மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சொல்லிவிட்டது. உமக்கு அந்தக் கவலை இல்லை.) பக்கத்துக் கொட்டிலில் ஒரு ஆச்சி, 1995இல் எங்களைப் போலவே சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்து வந்தவ. நெற்றி நிறைய விபூதி. நான் அவவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போயிருந்தவன். அவ எனக்குக் காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தா. அவவின் பேரன் சைக்கிளில் மூன்று இடம் அலைந்து குளோரோகுயின் குளிசை தேடிக்கொண்டு வந்தான்.

ஜெபம்? முதல் இரண்டு நாள். பிறகு கர்த்தர்மேல் கோபம், அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. ஒருநாள் ஆச்சி கேட்டா: "தம்பி, உம்மட ஆண்டவர் இன்னும் பார்க்கேல்லையோ?" கேலியில்லை, கவலைப்பட்டுத்தான் கேட்டா.

"தெரியாது ஆச்சி."

"சரி, அப்ப இதைக் குடியும்."

அன்றிரவு நிலா வெளிச்சத்தில் வேதாகமத்தைத் திறந்து 88ஆம் சங்கீதத்தைத் தடவித் தடவி வாசித்தேன். புலம்பித் தொடங்கும் மற்றச் சங்கீதங்கள் அநேகமாக முடிவதற்குள் துதிக்குத் திரும்பிவிடும். இது கடைசிவரை திரும்பாது. ஆனாலும் அந்த மனிதர் இரவும் பகலும் கர்த்தரோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது அழுகை வந்தது. இன்றுவரை என்னைத் தாங்குகிற விசுவாசம் அந்தக் கொட்டிலில் பிடித்ததுதான். அதற்கு முன்பு எனக்கு நல்ல குரல் இருந்தது, அவ்வளவே.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் கதையையும் நாங்கள் இப்படித்தான் வெட்டிச் சொல்கிறோம். உடுவில் பள்ளிக்கூடம், மானிப்பாய் ஆஸ்பத்திரி என்று பட்டியல் போடுவோம். சொல்லாமல் விடுவது இது: 1816இல் மிஷனரிகள் டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்தில் வாரன் நோயோடு கேப் டவுனுக்குப் போய் அங்கேயே இறந்தார். 1821இல் பூவரின் மனைவி சூசன் இறந்தார், அடுத்த வருஷம் இன்னொரு மிஷனரி ரிச்சர்ட்ஸ். நடுவில், 1820இல், புதிய அமெரிக்க மிஷனரிகள் வரக்கூடாது என்று கவர்னர் தடை போட்டார். கொடுக்க வந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளை நம்பித்தான் மேலே போகவேண்டியிருந்தது. ஊர்ப் பிள்ளைகளைப் படிப்பித்த வட்டுக்கோட்டை செமினரி தொடங்கிய 1823ஐ இந்த வரிசையில் வைத்துப் பாரும். பூவர் ஊரைவிட்டுப் போகவில்லையா என்றால், இடையில் சில காலம் மதுரைக்குப் போனார், திரும்பி வந்தார், 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார்.

வருவதென்றால் வாரும். "பயந்து வந்திட்டான்" என்று யாரும் கதைத்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இருப்பதென்றால் இந்த ஞாயிறு பிரசங்கத்தை விட்டுவிடும். 88ஐ வாசித்துவிட்டு இரும். அயலில் யாரும் சாப்பாடு தந்தால் மறுக்கவேண்டாம்.

ஆச்சி கடைசிவரை சைவம்தான். அந்த மாத அறிக்கையில் "புதிதாக வந்தோர்" என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். அவவைப் பற்றி எழுத அதில் இடம் இருக்கவில்லை.

அடுத்த வாலிபர் கூட்டத்தில் கஞ்சிக் கதையையும் சொல்லப் போகிறேன் என்று போதகரிடம் கேட்டேன். பத்து நிமிஷம் தந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒடியல் மாவும் ஒரு நுளம்பு வலையும் அனுப்புகிறேன். போய் எடும்.

அண்ணா