துவரங்குறிச்சி அண்ணனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், துவரங்குறிச்சி தாண்டி மதுரை போகும் சாலையோரம் ஒரு பழைய மாருதி 800 நின்றதே, ஞாபகம் இருக்கிறதா அண்ணே? அந்த வண்டிக்காரன்தான் நான்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை தாங்கவில்லை. பானெட்டைத் திறந்தால், பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை எலி கடித்திருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நான் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். டிவிஎஸ் 50-இல் கடந்து போன நீங்கள் திரும்பி வந்தீர்கள். "டேப்பு பெட்ரோல்ல ஊறி வழுக்கிரும் தம்பி. மொதல்ல அம்மாவ எறக்கி அந்தப் புளியமரத்தடியில உக்கார வைங்க."

பேட்டரி வயரைக் கழற்றினீர்கள். எஞ்சின் ஆறும்வரை தொடவே விடவில்லை. கடி, ஹோஸின் முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் இருந்தது. அதுவரை பிளேடால் நேராக நறுக்கி, மிச்சத்தைப் பம்பின் மூக்கில் ஏற்றி, உங்கள் பையில் இருந்த புது கிளாம்பைப் போட்டு முறுக்கினீர்கள். வண்டியை ஓடவிட்டு, விரலால் தடவித் தடவி ஈரம் பார்த்தீர்கள்.

"கார்புரேட்டர் வண்டி, பிரஷர் கம்மி, ஊர் போய்ச் சேரும். இன்ஜெக்‌ஷன் வண்டின்னா இதச் செஞ்சிருக்க மாட்டேன். போனதும் ஹோஸ மாத்திருங்க."

கிளாம்புக்கு 20 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு, அவ்வளவு பதற்றம்.

ஹோஸை மறுநாளே மாற்றிவிட்டேன் அண்ணே. அம்மா தினமும் உங்களைக் கேட்கிறார். அப்புறம், உங்கள் மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவர் என் வண்டியில்தான் கிடக்கிறது.