கூப்பிட்டது நான்தான், அண்ணா

அண்ணனுக்கு,

இனி நாயே வேண்டாம் என்று 16 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஆனி மாதம் ஒரு குட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். போனில் உங்களிடம் சொல்லவில்லை. "எதுக்கு அம்மிணி இந்த ரோதனை" என்பீர்கள், நானும் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். சொல்ல வேண்டியது சொல்லாமலே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

அடிக்காமல் பழக்குகிறேன். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். வேப்பமரத்தடியில் அது வெளிக்கு இருந்து முடித்த அந்த நொடியே, வேகவைத்த கோழிக்கறியில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துணுக்கு. வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும், உள்ளே வந்ததற்குத்தான் கறி என்று எடுத்துக்கொள்ளும். முதல் வாரம் நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். வெளியே சும்மா நின்றுவிட்டு உள்ளே ஓடிவந்து என் கையைப் பார்க்கும், அப்புறம் சோபாவுக்கு அடியில் மூத்திரம். கடித்தால் அதட்டுவதில்லை. கையை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவேன். விளையாட்டு நின்றுபோவதே அதற்குப் பெரிய தண்டனை. பழக்குவது ஒரு தடவைக்கு 5 நிமிஷம்தான். அதற்கு மேல் குட்டிக்கும் புத்தி நிற்காது, எனக்கும்.

உங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? மயிலைக் காளையை வண்டிக்குப் பழக்கினபோது, வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கூடவே நடந்தீர்கள். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்பவர் 1930களில் எலியை வைத்துச் சோதித்து, தீனி கிடைத்த வேலையைத்தான் திரும்பச் செய்யும் என்று சொன்னதைப் படிக்காமலே செய்தவர் நீங்கள். காளை மேல் ஒரு அடி விழவில்லை. சந்தையில் விலைபோகிற உருப்படி என்பதால்தானா?

கால்நடை டாக்டர் ஒன்று சொன்னார். கூப்பிட்டு வந்த நாய்க்குக் கெட்டது எதுவும் நடக்கவே கூடாதாம். குளிப்பாட்டவோ ஊசி போடவோ என்றால் நாமே போய்த்தான் தூக்கிவர வேண்டும், கூப்பிடக் கூடாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2009 தை மாதம். அடை வைத்திருந்த முட்டையில் நாலை நம் நாய் செவலை தின்றுவிட்டது. உங்கள் கையில் சொட்டுநீர் பைப்புத் துண்டு. பார்த்ததும் அது கொறங்காட்டுக் கிளுவை வேலிக்குள் புகுந்துகொண்டது. "நீ கூப்பிட்டா வரும், கூப்பிடு" என்றீர்கள். கூப்பிட்டேன். தொடையைத் தட்டி, தோ, தோ என்று. வந்தது. வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. மூக்கில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. அடி விழ விழ என் பாவாடைக்குப் பின்னால் புகப் பார்த்தது. நான் விலகிக்கொண்டேன், என் மேல் பட்டுவிடும் என்று.

எனக்கு 14 வயது, அண்ணா. உங்கள் பேச்சை மீறுகிற வீடா அது?

அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம்தான் ஓடும். தாராபுரம் ரோட்டில் அன்றும் அப்படித்தான். நீங்கள் லாரிக்காரரைத் திட்டினீர்கள். ரோட்டோரம் நின்ற நாயை நான் கூப்பிட்டேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் பழி முழுவதையும் உங்கள் மேல் போட்டு வைத்திருந்தேன். மன்னிச்சுக்கோங்க. ஆனால் பைப்பு உங்கள் கையில்தான் இருந்தது.

அந்த வருஷம் அப்பா இல்லாமல், கிணறும் வற்றி... வேண்டாம், நம் சொந்தத்தில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள். ராத்திரியில் நீங்கள் களத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அது போதும். என் காலேஜ் பீஸ் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்ததும் நீங்கள்தான்.

சரி. தீபாவளிக்கு வருகிறோம். இங்கே வெடிச் சத்தத்துக்குக் குட்டி தாங்காது, நம் தோட்டத்துச் சாளை வீடு என்றால் சத்தத்துக்குத் தூரம். பார்வோ ஊசி, வெறிநாய்க்கடி ஊசி எல்லாம் போட்டாயிற்று. நிறம் செவலைதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அதைக் கூப்பிட வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து கையை மட்டும் கீழே தொங்கப் போட்டிருங்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கும். அப்புறம், கோழி அடையில் இருந்தால் கூடையை உயரத்தில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள் அண்ணியிடம்.