ரவிக்கைக் கையும் ரத்த அழுத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் பல புறநோயாளிப் பிரிவுகளில் பெண்களின் கூச்சத்தைப் பொருட்படுத்தாமல்தான் பரிசோதனை நடக்கிறது. அதனால் பி.பி. அளவே தப்பாக வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரவிக்கையின் இறுக்கமான கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு பி.பி. பட்டையைக் கட்டுகிறார்கள். சுருட்டிய துணி புஜத்தைக் கயிறு போல இறுக்குகிறது. துணி மேலேயே கட்டினாலும் அளவை நம்ப முடியாது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பி.பி. கூடுதலாகத்தான் காட்டும். போதாக்குறைக்கு, பத்துப் பேர் பார்க்க முந்தானையை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவருக்குப் படபடப்பிலேயே ஏறிவிடும். திரை மறைவில் 5 நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பார்க்க வேண்டும். காலமெல்லாம் விழுங்கப்போகும் மாத்திரைக்கு இந்த நேரம்கூடவா செலவிடக் கூடாது?

ஸ்டெதாஸ்கோப்பும் அப்படித்தான். புடவை மேல் வைத்தால் துணி உரசுவது நுரையீரல் கரகரப்பு போலக் கேட்கும். "முதுகுல வச்சுப் பாக்கணும்மா, முந்தானைய முன்னாடி பிடிச்சுக்குங்க" என்று முதலில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஆண் மருத்துவர் பார்க்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது.

மஞ்சள் தேய்த்துக் குளித்த முகத்தில் காமாலையைத் தேடக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் வெள்விழியைப் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் அழற்சியின் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் சூட்டையும் விரல்களால் வீக்கத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் பார்க்க, மருதாணி இல்லாத விரலாகத் தேடிக் கருவியை மாட்டுங்கள்.

கேள்வி கேட்பதிலும் கவனம் வேண்டும். "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்றால் புரிகிற பெண், கடைசி மாதவிடாய் தேதியைக் குறிக்கும் சுருக்கமாக "எல்.எம்.பி. என்ன?" என்றால் விழிப்பார். அதையும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. சீட்டுப் பதிய அவரை அனுப்பிவிட்டுக் கேட்கலாம். "வாயு பிடிச்சிருக்கு" என்று நெஞ்சைத் தடவிக் காட்டுபவருக்கு, ஜெலூசில் கொடுக்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

எக்ஸ்ரேவுக்குத் தாலியைக் "கழட்டு" என்று அதட்டாதீர்கள். உலோகம் படத்தில் நிழலாக விழும் என்று விளக்கி, அதுவரை கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு மஞ்சள் கயிறு கொடுங்கள்.

ஒவ்வொரு புறநோயாளி அறைக்கும் ஒரு மடக்குத் திரையும் பெரிய அளவு பி.பி. பட்டை ஒன்றும் வாங்கித் தர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். 2021 முதல் வீடு வீடாகப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்களின் பையிலும் அந்தப் பட்டை இருக்கட்டும்.

- செவிலியப் பயிற்றுநர், பெரம்பூர், சென்னை