ஒரே அடைப்புக்குறிக்குள் மூன்று பேர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று மாதமாக எங்கள் கணித மென்பொருள் லைப்ரரியின் ஆவணங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதில் எஃப்எஃப்டி (ஒரு சிக்னலை அதன் அதிர்வெண்களாக வேகமாகப் பிரிக்கும் கணக்கு முறை) பக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கூலி, டூக்கி இருவரும் 1965-ல் எழுதிய கட்டுரைக்கு மட்டும்தான் அங்கே மேற்கோள். 1942-லேயே டேனியல்சனும் லான்சோஸும் அந்த வழியைத் தொட்டிருக்கிறார்கள். அதற்கும் வெகுமுன்னே, 1805 வாக்கில், சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது கணித மேதை காஸ் அதைக் கண்டுபிடித்து எழுதி வைத்தார். அது லத்தீனில் அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1866-ல்.

முன்பு எழுதியவருக்கு இது தெரியாமல் இல்லை. நாங்கள் வைத்திருந்த பழைய கருவி ஒரு மேற்கோளுக்கு ஒரே சாவியைத்தான், அதாவது நூற்பட்டியலில் ஒரு கட்டுரையைக் குறிக்கும் ஒரே குறிச்சொல்லைத்தான் ஏற்கும். மூன்றைப் போட்டால் [4] [9] [2] என்று வாக்கியத்தின் நடுவே வரிசையாக நிற்கும். பார்க்க நன்றாக இல்லையென்று இரண்டை எடுத்துவிட்டார். கருவியில் இடமில்லை என்பதற்காக காஸின் பெயரே போய்விட்டது, கலா! எனக்கு அது பொறுக்கவில்லை.

இப்போது ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவிக்கு மாறிவிட்டோம். நூற்பட்டியலைக் கையாளும் அதன் பிப்டெக் நீட்சியில் சாவிகளைக் காற்புள்ளி போட்டு ஒன்றாக எழுதலாம். கட்டுரைகளை அச்சுக்கோக்கும் லாடெக்கில் நாம் எழுதிப் பழகியதும் அப்படித்தானே. கோப்புகளை வடிவம் மாற்றும் பாண்டாக்கில் மட்டும் அரைப்புள்ளி. அங்கே காற்புள்ளிக்குப் பின்னால் பக்க எண் வரும் என்பதால் அந்த ஏற்பாடு.

எல்லாச் சாவியும் நூற்பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் சாவி சரி, அடுத்த இரண்டும் இல்லை என்றது. பட்டியலில் கண்ணெதிரே இருக்கின்றன! அரை நாள் தேடினேன். காற்புள்ளிக்கு அப்புறம் விட்ட ஓர் இடைவெளியும் சாவியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை வெட்டியதும் சரியானது.

இப்போது அந்த வரியில் [2, 4, 9] என்று ஒரே அடைப்புக்குறிதான். எந்த எண்ணைத் தொட்டாலும் அதற்குரிய கட்டுரைக்குப் போகிறது.

காஸைப் பற்றி ஹெய்ட்மன், ஜான்சன், பரஸ் மூவரும் 1984-ல் எழுதிய கட்டுரையைக் கல்லூரியில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாயே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, நான்காவதாக அதையும் சேர்க்கிறேன்.

அன்புடன்,
ராணி